பாதி முட்டை

அரை மணி நேரமாக ஒரு அவித்த முட்டையோடு உட்கார்ந்திருக்கிறேன். பாதி இன்னும் தட்டில்தான். மேலே தூவிய மிளகுத்தூள் ஈரத்தில் ஊறிக் கறுத்துவிட்டது.

எட்டு இட்லியைப் பேச்சுவாக்கில் முடித்தவன் நான்.

உடல் எடையைக் குறைக்க நான் செய்துகொண்ட ஸ்லீவ் அறுவை சிகிச்சையில் இரைப்பையின் பெரும்பகுதியை எடுத்துவிடுகிறார்கள். பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் அதிகம் சுரப்பதும் அந்தப் பகுதியில்தான். அதனால் சில நாள் பசி எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. ஆனால் எனக்கு விதித்த 60 கிராம் புரதத்தில் தள்ளுபடி கிடையாது. முட்டைக்கு ஆறு கிராம். மீதிக்குப் பனீர், மீன், தயிர் என்று நாள் முழுக்கக் கடன் அடைப்பதுபோல் அடைக்க வேண்டும். குறைந்தால் கொழுப்போடு தசையும் கரையும்.

இப்படிப்பட்ட நாளில் எடை தூக்குவதில்லை, தலை சுற்றும். மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டிக்கும் கொடிக்கயிற்றுக்கும் நடுவே பத்து நிமிட நடை. அவ்வளவுதான்.

பசியோடு மல்லுக்கட்டியே பாதி வயது போயிற்று. அது வராத நாளில் கை உடைந்ததுபோல் இருக்கிறது.

"போதும், எழுந்திரு" என்று ஒரு காலத்தில் தட்டைப் பிடுங்கிய அம்மா, இப்போது பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"ஊட்டிவிடட்டுமாடா?"

எனக்கு வயது 42.