குறைந்த செலவில் முதல் ஏர் பிஸ்டல்

2024 ஜூலையில் பாரிஸ் ஒலிம்பிக்கில் மனு பாக்கர் பத்து மீட்டர் ஏர் பிஸ்டலில் வெண்கலம் வென்ற பிறகு, எங்கள் ரைஃபிள் கிளப்புக்கு வரும் புதியவர்களில் பலர் வந்ததும் கேட்பது ஒன்றுதான்: முதல் துப்பாக்கியாக எதை வாங்கலாம், எவ்வளவு குறைவாக முடிக்கலாம்? 2022இல் திருச்சியில் நடந்த மாநிலப் போட்டியில் நடிகர் அஜித்குமார் கலந்துகொண்டபோதே இந்தக் கேள்வி கேட்கத் தொடங்கியிருந்தது. பிள்ளையை அழைத்து வரும் பெற்றோரும் கேட்கிறார்கள், வேலை முடிந்து மாலையில் வரும் நாற்பது வயதுக்காரர்களும் கேட்கிறார்கள். நின்றபடி இரண்டு வரியில் சொல்லிவிடக்கூடிய பதில் அல்ல என்பதால் இங்கே எழுதுகிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கையில் இருக்கும் பணம் விசைக்கும் (விரலால் இழுக்கும் டிரிகர்) கைப்பிடிக்கும் போக வேண்டும், வேகத்துக்கும் தோற்றத்துக்கும் போகக் கூடாது. அந்தக் கணக்கில் பார்த்தால், புதிதாக வாங்கும் மலிவான துப்பாக்கியைவிட, நல்ல நிலையில் உள்ள பழைய போட்டித் துப்பாக்கியே பெரும்பாலும் லாபம்.

கைத்துப்பாக்கி என்றதும் சிலர் தோட்டா போட்டுச் சுடும் .22 பிஸ்டலைப் பற்றி விசாரிக்கிறார்கள். அது 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தின்கீழ் உரிமம் வாங்க வேண்டிய ஆயுதம். விண்ணப்பம், காவல்துறை விசாரணை, காத்திருப்பு எல்லாம் உண்டு. தோட்டாவுக்கும் கணக்குக் காட்ட வேண்டும். பழகத் தொடங்குபவருக்கு அது இரண்டாம் படி. 4.5 மில்லிமீட்டர் துளைக்கு மிகாமலும், வெளிப்படும் ஆற்றல் 20 ஜூலுக்கு மிகாமலும் உள்ள ஏர் துப்பாக்கிக்கு 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகள் உரிமம் கேட்பதில்லை. ஆனாலும் அடையாளச் சான்று கொடுத்து, ரசீது வாங்கி, அந்த ரசீதின் நகலைத் துப்பாக்கிப் பெட்டியிலேயே வைத்திருப்பது நல்லது. வழியில் எங்காவது பெட்டியைத் திறந்து காட்டச் சொன்னால், கிளப்பின் உறுப்பினர் அட்டையும் அந்த ரசீதும்தான் உங்களுக்காகப் பேசும்.

எதை வாங்குவது என்று முடிவு செய்வதற்கு முன், இந்தத் துப்பாக்கி என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்துகொள்ள வேண்டும். இலக்கு பத்து மீட்டர் தொலைவில் இருக்கிறது. அட்டையின் அளவு 17 சென்டிமீட்டர் சதுரம். அதில் கறுப்பு வட்டத்தின் விட்டம் 59.5 மில்லிமீட்டர், நடுவில் பத்துப் புள்ளிக்கான வட்டத்தின் விட்டம் 11.5 மில்லிமீட்டர். நின்றபடி, ஒரே கையில் பிடித்து, ஒவ்வொரு முறையும் ஒரே ஒரு பெல்லட்டை (சின்ன ஈயக் குண்டை) இட்டு, மின்னணு இலக்கு என்றால் 75 நிமிடத்தில் 60 முறை சுட வேண்டும். தொலைநோக்கியோ லேசரோ பொருத்த அனுமதியில்லை. துப்பாக்கியின் எடை ஒன்றரைக் கிலோவைத் தாண்டக் கூடாது. விசையை இழுக்கத் தேவைப்படும் அழுத்தம் 500 கிராமுக்குக் குறையக் கூடாது. போட்டிக்கு முன் நடுவர் துப்பாக்கியைச் செங்குத்தாக நிறுத்தி, அரைக் கிலோ எடையை விசையில் தொங்கவிட்டுச் சோதிப்பார். எடை தொங்கும்போது விசை விடுபட்டுவிட்டால் அந்தத் துப்பாக்கியோடு களத்துக்குப் போக முடியாது.

கை ஆடுவதுதான் தன் சிக்கல் என்று புதியவர்கள் எல்லோரும் நினைக்கிறார்கள். ஒரு சின்னக் கணக்கு அந்த எண்ணத்தை மாற்றும். குறிபார்க்க உதவும் முன் சைட்டுக்கும் பின் சைட்டுக்கும் இடையே 32 சென்டிமீட்டர் இடைவெளி இருப்பதாக வைத்துக்கொள்வோம். கை நடுங்கி, துப்பாக்கி முழுவதும் ஒரு சென்டிமீட்டர் நேராகப் பக்கவாட்டில் நகர்ந்தால், பெல்லட்டும் இலக்கில் ஒரு சென்டிமீட்டர்தான் விலகும்; ஒன்பது கிடைக்கும். துப்பாக்கி அசையாமல் நின்று, முன் சைட் மட்டும் பின் சைட்டின் பள்ளத்தில் ஒரே ஒரு மில்லிமீட்டர் ஒதுங்கியிருந்தால், அது பத்து மீட்டரில் 31 மில்லிமீட்டராக விரிந்து, பத்துக்குப் பதில் ஏழில் போய் விழும். அதாவது கையின் ஆட்டத்தைவிடப் பல மடங்கு கெடுதல் செய்வது, சுடும் கணத்தில் துப்பாக்கியின் முனை திரும்பிவிடுவது. அந்தக் கணத்தில் முனையைத் திருப்புவது எது? விசையை இழுக்கும் விரல்தான்.

ஆகவே வாங்கும்போது முதலில் விசையைச் சோதியுங்கள். போட்டித் துப்பாக்கிகள் பெரும்பாலும் ஒரு கிலோ எடையை ஒட்டியே இருக்கும். அவற்றின் விசையை அரைக் கிலோ அழுத்தத்தை ஒட்டி அமைத்துக்கொள்வார்கள். இழுப்பு இரண்டு கட்டமாக நடக்கும். முதல் கட்டத்தில் விரல் மெதுவாகப் பின்வாங்கி ஓரிடத்தில் மெல்லிய தடையை உணரும். அங்கே நின்று, சைட்டைப் பார்த்தபடியே அழுத்தத்தைச் சற்றே கூட்டினால், இழுபறி எதுவும் இல்லாமல் விடுபடும். மலிவான துப்பாக்கிகள் பலவற்றில் விசையை இழுக்கத் தேவைப்படும் அழுத்தம் துப்பாக்கியின் எடையையே மிஞ்சிவிடுகிறது. தன் எடையைவிடக் கூடுதலான அழுத்தம் ஒரு பக்கமாக வரும்போது அந்தத் துப்பாக்கி எப்படி நேராக நிற்கும்? அத்துடன் பழகும் பிள்ளை, விடுபடப் போகும் நேரத்தை ஊகித்து வெடுக்கென்று இழுக்கப் பழகிவிடுகிறது. அந்தப் பழக்கத்தை மாற்றப் பயிற்றுநர்கள் படும் பாடு கொஞ்சமல்ல.

விளையாட்டுப் பொருள் கடைகளில் சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும் ஸ்பிரிங் பிஸ்டல்களை நான் பரிந்துரைக்காததற்கு விசை ஒரு காரணம். இன்னொரு காரணம் அவற்றின் உள்ளமைப்பு. குழலை மடக்கும்போது ஒரு தடித்த ஸ்பிரிங் அழுந்துகிறது. விசையை இழுத்ததும் அது விடுபட்டு ஒரு பிஸ்டனைத் தள்ளுகிறது. பிஸ்டன் அழுத்தும் காற்றுதான் பெல்லட்டைத் தள்ளுகிறது. பெல்லட் குழலை விட்டு வெளியேறும் முன்பே பிஸ்டன் ஓடிப் போய் முட்டுவதால், துப்பாக்கி ஒருமுறை பின்னாலும் ஒருமுறை முன்னாலும் உதறுகிறது. தேர்ந்த கைக்கு அந்த உதறல் ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி இருக்கும். புதிய கைக்கு இருக்காது. அட்டையில் விலகியது தன் தவறா, துப்பாக்கியின் உதறலா என்று பிரித்தறிய முடியாவிட்டால், எதைத் திருத்திக்கொள்வது? இதே ஸ்பிரிங் அமைப்பிலும் ஜெர்மனியின் ஃபைன்வெர்க்பாவ் 65 உதறலை அடக்கும் ஏற்பாட்டோடு வந்து, பல ஆண்டுகள் உலகப் போட்டிகளை ஆண்டது. நல்ல நிலையில் அப்படி ஒன்று கையில் வந்தால் இன்றைக்கும் பழகலாம். உதிரிப் பாகத்துக்குத்தான் அலைய வேண்டியிருக்கும்.

கார்பன் டை ஆக்சைடு உருளையில் இயங்கும் பழைய போட்டித் துப்பாக்கிகளும் மலிவாக விலைக்கு வருகின்றன. நம் ஊர் வெயிலை நினைத்துத்தான் அவற்றை வேண்டாம் என்கிறேன். அந்த வாயு உருளைக்குள் திரவமாக இருக்கிறது. அதன் அழுத்தம் முழுக்க வெப்பநிலையைப் பொறுத்தது. 20 டிகிரியில் 57 பார் (அழுத்தத்தின் அலகு) அளவில் இருப்பது 30 டிகிரியில் 72 பாரை எட்டுகிறது. 31 டிகிரியைத் தாண்டினால் அது திரவமாகவே நிற்காது. சித்திரை மாதத்தில் தகரக் கூரை போட்ட சுடுதளத்தில் காலையில் சரிசெய்த சைட் மதியத்துக்குப் பொருந்தாமல் போவதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

பட்ஜெட் மிகவும் சிறியது என்பவர்களுக்கு நான் காட்டும் முதல் வழி, ஒவ்வொரு சூட்டுக்கும் முன் நெம்புகோலை ஒருமுறை இழுத்துக் காற்றை அழுத்தும் வகை. ரஷ்யாவின் இஷெவ்ஸ்க் ஆலையில் தயாரான இஷ்-46 இதற்கு நல்ல உதாரணம். உருளையும் வேண்டாம், பம்பும் வேண்டாம், உதறலும் இல்லை, விசையை நன்றாகச் சரிசெய்துகொள்ளலாம், குழல் துல்லியமானது. குறை என்று சொன்னால், அந்த நெம்புகோலை அறுபது முறைக்கு மேல் இழுக்க வேண்டும் என்பதுதான். பெரியவர்களுக்கு அது உடற்பயிற்சி. பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு இருபது சூட்டுக்குள் தோள் சோர்ந்துவிடும். இந்த வகையை வாங்கினால், காற்றை அழுத்திய நிலையில் துப்பாக்கியை நெடுநேரம் வைத்துவிட்டு வேறு வேலை பார்க்கப் போகக் கூடாது. பாதுகாப்புக்கும் அது ஆகாது, உள்ளே இருக்கும் ரப்பர் சீலுக்கும் ஆகாது.

இரண்டாவது வழி, இன்று போட்டிகளில் எல்லோரும் பயன்படுத்தும், உருளையில் முன்பே நிரப்பிய அழுத்தக் காற்றால் இயங்கும் வகை. ஆஸ்திரியாவின் ஸ்டெயர், சுவிட்சர்லாந்தின் மோரினி, ஜெர்மனியின் வால்தர், இத்தாலியின் பார்தினி ஆகியவை நம் கிளப்புகளில் அதிகம் காணக்கூடிய பெயர்கள். புதியது ஒரு லட்சத்தைத் தாண்டிவிடும். ஆனால் மூத்த வீரர்கள் புதிய மாடலுக்கு மாறும்போது பழையதை விற்கிறார்கள். ஸ்டெயர் எல்பி10 போன்ற ஒரு துப்பாக்கி, ஒழுங்காகப் பராமரித்திருந்தால், இருபது ஆண்டு கழித்தும் ஐந்து பெல்லட்டுகளை ஏறத்தாழ ஒரே துளையில் போடும். தொடக்கநிலையில் இருப்பவரின் திறமை அந்தத் துப்பாக்கியின் எல்லையைத் தொடுவதற்கே பல ஆண்டுகள் ஆகும்.

இப்படிப் பழையதை வாங்கும்போது உருளையைத் திருப்பித் திருப்பிப் பாருங்கள். அதன் மீது தேதி பொறிக்கப்பட்டிருக்கும். 200 பார் அழுத்தத்தைத் தாங்கும் கலம் என்பதால் அதற்குப் பெரும்பாலும் பத்தாண்டுக் கெடு உண்டு. கெடு முடிந்த உருளையைப் போட்டியில் பயன்படுத்த விதி அனுமதிப்பதில்லை. விற்பவர் சொல்லும் விலை குறைவாகத் தெரிந்தாலும், துப்பாக்கியோடு தரும் உருளைகள் கெடு முடிந்தவை என்றால் புதிய உருளைகளின் விலையையும் கூட்டித்தான் பேரம் பேச வேண்டும். பிறகு உருளையை நிரப்பி, துப்பாக்கியில் பொருத்தி, அழுத்தமானி முள் நிற்கும் இடத்தைக் குறித்துக்கொண்டு, மறுநாள் காலையில் பாருங்கள். முள் இறங்கியிருந்தால் எங்கோ கசிகிறது. கசிவு பெரும்பாலும் சில ரூபாய் மதிப்புள்ள ஒரு ரப்பர் வளையத்தால்தான். ஆனாலும் அதை மாற்றத் தெரிந்தவர் உங்கள் ஊரில் இருக்கிறாரா என்பதுதான் பெரிய கேள்வி. டோக்கியோ ஒலிம்பிக்கின் தகுதிச் சுற்றில் மனு பாக்கரின் துப்பாக்கி நடுவில் பழுதாகி, மதிப்பான நிமிடங்கள் வீணாகி, அவர் 575 புள்ளிகளோடு பன்னிரண்டாம் இடத்தில் நின்றதை நாம் எல்லோரும் பார்த்தோம். ஒலிம்பிக் அணியின் துப்பாக்கிக்கே அப்படி நேரும்போது, உங்கள் கிளப்பில் பலர் வைத்திருக்கும் மாடலையே வாங்குவதில் இருக்கும் வசதி புரியும்: உதிரிப் பாகம் கேட்டால் கிடைக்கும், சரிசெய்யத் தெரிந்தவர் பக்கத்துத் தடத்திலேயே நிற்பார்.

விசைக்கு அடுத்தது கைப்பிடி. செருப்பைப் போல இதற்கும் அளவு உண்டு. சிறியது, நடுத்தரம், பெரியது என்று மரத்தில் செதுக்கி வருகிறது. இடது கைக்காரர்களுக்குத் தனியாக வருகிறது. சரியாகப் பொருந்தியிருக்கிறதா என்று பார்க்க ஓர் எளிய சோதனை உண்டு. பெல்லட் இல்லாத துப்பாக்கியை இலக்கை நோக்கிப் பிடித்து, கண்ணை மூடி, கையை இறக்கி மறுபடி உயர்த்திக் கண்ணைத் திறந்து பாருங்கள். முன் சைட் பின் சைட்டின் பள்ளத்தில் தானாகவே நடுவில் நின்றால் கைப்பிடி பொருந்துகிறது. ஒவ்வொரு முறையும் ஒரே பக்கம் ஒதுங்கி நின்றால் மரத்தில் வேலை இருக்கிறது. எங்கள் கிளப்பில் மூத்தவர் ஒருவர் இந்த வேலையைச் செய்வதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். உள்ளங்கை தொடாத இடத்தில் மரப்புட்டியை அப்பி, அது காய்வதற்குள் பிள்ளையை இறுகப் பிடிக்கச் சொல்லி, ரேகை பதிந்ததும் எடுத்து ஒருநாள் காயவிடுவார். மறுநாள் சுண்டு விரல் உறுத்தும் இடத்தை உப்புத்தாளால் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ப்பார். ஒவ்வொரு தேய்ப்புக்கும் ஒருமுறை பிடித்துப் பார்க்கச் சொல்வார். ஐம்பது நூறு ரூபாய் பொருளில் முடியும் இந்த வேலை, ஆயிரக்கணக்கில் விலையுள்ள புதிய கைப்பிடியைவிட நன்றாகப் பொருந்துவதை நான் கண்டிருக்கிறேன்.

இவ்வளவும் சொன்ன பிறகு, வாங்குவதை மூன்று நான்கு மாதம் தள்ளிப்போடுங்கள் என்றும் சொல்வேன். சென்னை, கோவை, மதுரை, திருச்சி என்று பெரிய ஊர்களில் ரைஃபிள் கிளப்புகள் இருக்கின்றன. புதியவர்கள் பழகுவதற்கென்று கிளப் துப்பாக்கியும் பெரும்பாலும் இருக்கும். கை நடுத்தர அளவா, சிறியதா, ஒரு கிலோ எடை தோளுக்குத் தாங்குமா, எடை குறைந்த சிறிய வடிவம் வேண்டுமா என்பவை அந்த மாதங்களில்தான் தெரியவரும். முக்கியமாக, பிள்ளைக்கு ஆர்வம் நிலைக்கிறதா என்பதும் தெரியும்.

மிச்சமாகும் பணத்தைப் பெல்லட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள். தலை தட்டையான வகைதான் அட்டையில் சுத்தமான வட்டத் துளை போடும். கூர்முனை பெல்லட் அட்டையைக் கிழித்துவிடும், புள்ளி எண்ண முடியாது. தினசரிப் பயிற்சிக்கு உள்நாட்டுப் பெல்லட் போதும். அது ஈயம் என்பதால் சுட்ட கையோடு எதையும் சாப்பிட வேண்டாம். சோப்பு போட்டுக் கழுவ வேண்டும்.

பெல்லட்டே செலவாகாத பயிற்சியும் ஒன்று இருக்கிறது. வீட்டில் வெள்ளைச் சுவரைப் பார்த்து நின்று, துப்பாக்கி காலியாக இருப்பதை இருமுறை உறுதி செய்துகொண்டு, சைட்டை மட்டும் கவனித்து விசையை இழுப்பது. தேர்ந்த வீரர்கள் இதற்காக நாள்தோறும் நேரம் ஒதுக்குகிறார்கள். போட்டித் துப்பாக்கிகள் பலவற்றில் காற்றை வெளியேற்றாமலே விசையை மட்டும் இயக்கும் ஏற்பாடு உண்டு. ஸ்பிரிங் பிஸ்டலை இப்படி வெறுமனே இயக்கினால் சீலும் ஸ்பிரிங்கும் கெட்டுப்போகும். ஆகவே பழைய துப்பாக்கியைப் பார்க்கப் போகும்போது, உருளையின் தேதியைக் கேட்ட கையோடு, அந்த வெற்றுப் பயிற்சி ஏற்பாடு வேலை செய்கிறதா என்றும் கேட்டு, விற்பவர் முன்னிலையிலேயே பத்துப் பதினைந்து முறை இயக்கிப் பார்த்துவிடுங்கள்.