டவர் போயிடுச்சு

"அக்கா, டவர் போயிடுச்சு, கொஞ்சம் இருங்க" என்று நர்ஸம்மா செல்லைத் தூக்கிக்கொண்டு வேப்பமரத்தடிக்குப் போனார்.

இன்று புதன், தடுப்பூசி நாள். புளியரை பக்கம்தான் எங்கள் ஊர், கேரளா கூப்பிடு தூரம். மாசமா இருக்கிற தங்கச்சி மகளுக்குப் பிக்மி எண் வாங்க நர்ஸம்மாவிடம் போயிருந்தோம். கர்ப்பிணிகளை அரசு கணினியில் பதிந்து கொடுக்கும் எண் அது. 12 இலக்கம். நாளைக்குப் பிள்ளையின் பிறப்புச் சான்றிதழுக்கு அதைத்தான் கேட்பார்கள்.

மேசையில் அட்டை கிழிந்த நீள நோட்டு. எல்லாரையும் முதலில் அதில் எழுதிக்கொண்டு, ராத்திரி சோறு பொங்கி இறக்கிய பிறகு வீட்டிலிருந்து மறுபடி கணினியில் ஏற்றுவாராம். நோட்டை ஒழிக்கத்தானே கம்ப்யூட்டர் வந்தது?

எந்த வீட்டில் யாருக்கு எத்தனை மாசம் என்பது அவருக்கு அத்துப்படி. சென்னைக்குத் தெரியத்தான் இத்தனை பாடு.

அரை மணி கழித்து எண் வந்தது. சரி, கிளம்பலாம் என்றால், அதையும் முதலில் நோட்டில்தான் எழுதினார்.