ஒன்று லட்சமும் ஒரு லட்சமும்

மேலூரில் பத்திரம் எழுதும் அண்ணன் ஒருவரிடம் டைப்பிங் வேலை பார்க்கிறேன். பத்திரத்தில் முக்கால்வாசி ஒரே வசனம்தான். ‘புத்திர பௌத்திர பாரம்பரியமாய் சர்வ சுதந்திர பாத்தியங்களுடன் ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது’ என்பதை ஒரு நாளைக்குப் பத்துத் தடவை அடித்தால் விரல் என்னத்துக்கு ஆகும்? பழைய பைலைத் திறந்து பெயரை மட்டும் மாற்றலாம், எல்லாரும் அதைத்தான் செய்கிறார்கள், ஆனால் எங்கேயாவது ஓர் ஓரத்தில் பழைய பார்ட்டியின் அப்பா பெயர் ஒட்டிக்கொண்டு நிற்கும். அதனால்தான் மேக்ரோ பக்கம் போனேன், ஒரு பட்டனை அமுக்கினால் முழு வசனத்தையும் தானே அடித்துவிடும் குட்டி நிரல்.

முதலில் வேர்டுக்குள்ளேயே இருக்கும் நிரல் மொழியான விஷுவல் பேசிக். அதன் எடிட்டர் யுனிகோடு தெரியாத பழைய ஆள். தமிழை ஒட்டினால் வரிசையாகக் கேள்விக்குறி போடும். ஒவ்வொரு எழுத்தையும் எண்ணாகக் கொடுக்க வேண்டும். ‘தமிழ்’ என்று வரவழைக்க 2980, 2990, 3007, 2996, 3021. நம் கண்ணுக்கு மூன்று எழுத்து, மெஷினுக்கு ஐந்து. இப்படி ஒரு முழு வசனத்தை எழுதிப் பார்த்தேன், தப்பு எங்கே என்று தேட முடியவில்லை, விட்டுவிட்டேன்.

அப்புறம் ஆட்டோஹாட்கீ, விண்டோஸில் மேக்ரோ எழுத ஒரு தனி மென்பொருள். இதில் தமிழை அப்படியே எழுதலாம். பழைய முதல் பதிப்பு என்றால் பைலை ‘யுடிஎஃப்-8 வித் பிஓஎம்’ என்று சேமிக்க வேண்டும், இல்லாவிட்டால் கிறுக்கல்தான் விழும். 2022 டிசம்பரில் வந்த இரண்டாம் பதிப்பில் அந்தத் தொல்லை இல்லை. ஆனால் அந்த ஸ்கிரிப்ட் மொழியின் இலக்கணத்தையே மாற்றிவிட்டார்கள், பழைய ஸ்கிரிப்டையெல்லாம் திரும்ப எழுத வேண்டியதாயிற்று. இன்னொரு சிக்கல்: இரண்டு எழுத்துச் சுருக்கம் அடித்தால் வசனம் விரிவது போல வைத்திருந்தேன், தமிழ்99 விசைப்பலகை ஆனில் இருந்தால் ஆங்கில எழுத்தே விழாது, சுருக்கம் எப்படிப் பிடிபடும்? எல்லாவற்றையும் எஃப்8, எஃப்9 என்று மேல்வரிசைக்குத் தூக்கிவிட்டேன்.

நீள வசனத்தை எழுத்து எழுத்தாக அனுப்பினால் மெதுவாகப் போகும். அதனால் கிளிப்போர்டில் வைத்து கண்ட்ரோல் வி. முன்னாலேயே அங்கே இருந்ததை எடுத்து வைத்து, ஒட்டிய பிறகு திரும்பப் போட்டுவிட வேண்டும், அதுதான் மரியாதை. நான் அதை அவசரமாகத் திரும்பப் போட்டுவிட்டேன், வேர்டு ஒட்டுவதற்கு முன்பே. காலையில் வாட்ஸ்அப்பில் வீட்டிலிருந்து வந்த மளிகை லிஸ்டை காப்பி செய்திருந்தேன். பெரியாறு கால்வாய்க்குத் தெற்கு என்று போய்க்கொண்டிருந்த நான்கெல்லையில் துவரம்பருப்பு ஒரு கிலோ வந்து உட்கார்ந்தது. நல்லவேளை, அண்ணன் பிரிண்ட் எடுக்கும் முன் வாய்விட்டுப் படிக்கிற ஆள். இப்போது அரை விநாடி காத்திருக்கச் சொல்லியிருக்கிறேன்.

சென்டைச் சதுர அடியாக்க ஒரு மேக்ரோ, அது சும்மா 435.6 ஆல் பெருக்கல்.

உண்மையிலேயே என்னை உட்கார வைத்தது தொகையை எழுத்தாக்குவதுதான். ஆங்கிலத்துக்கு எழுதிய நிரல் ஒன்றை எடுத்து வார்த்தைகளை மட்டும் தமிழாக்கினேன், மில்லியனைத் தூக்கிவிட்டு லட்சம் போட்டேன். 1,25,500 கொடுத்தேன். ‘ஒன்று லட்சம் இருபது ஐந்து ஆயிரம் ஐந்து நூறு’. அண்ணன் படித்துவிட்டு, “என்ன தம்பி, ஒன்று லட்சமா? வெள்ளைக்காரன் எழுதுன பத்திரம் மாதிரி இருக்கு” என்றார்.

ஆங்கிலத்தில் ஹண்ட்ரட் எங்கே வந்தாலும் ஹண்ட்ரட்தான். நமக்கு நூறு தனியாக நின்றால் நூறு, பின்னால் ஏதாவது வந்தால் நூற்று. லட்சம் லட்சத்து ஆகும், ஆயிரம் ஆயிரத்து ஆகும். ஆக ஒவ்வொன்றுக்கும் இரண்டு வடிவம் வைத்தேன், நிற்பதற்கு ஒன்று, தொடர்வதற்கு ஒன்று. ஒன்பதுக்கு மட்டும் தனிப் புத்தி: தொண்ணூறில் நூறு ஒளிந்திருக்கிறது, தொள்ளாயிரத்தில் ஆயிரம். விதி எழுதிப் பார்த்து அலுத்துப்போய், 1 முதல் 99 வரை நேராகப் பட்டியலே போட்டுவிட்டேன், ஒரு சாயங்காலம் ஆனது.

ஆயிரத்தில் ஒரு சந்தோஷம் கிடைத்தது. பட்டியலில் உள்ள 99 சொற்களும் உகரத்தில்தான் முடிகின்றன. கடைசி உகரக் குறியை எடுத்துவிட்டு அங்கே துணைக்காலைப் போட்டு ‘யிரம்’ சேர்த்தால் பத்து பத்தாயிரம் ஆகிறது, இருபத்தைந்து இருபத்தைந்தாயிரம் ஆகிறது. பள்ளிக்கூடத்தில் புணர்ச்சி விதிக்கு மார்க்கை விட்டவன் நான், அதையே ஒரு வரியில் எழுதியிருக்கிறேன். ஒன்றில் முடிபவை மட்டும் அடங்காது; இருபத்தொன்றாயிரம் என்று யாரும் சொல்வதில்லை, இருபத்தோராயிரம்தான். அதற்குத் தனியாக ஒரு ‘இஃப்’, ‘இப்படி இருந்தால் இப்படிச் செய்’ என்கிற வரி. இப்போது 4,99,900 கொடுத்தால் ‘நான்கு லட்சத்துத் தொண்ணூற்று ஒன்பதாயிரத்துத் தொள்ளாயிரம்’ என்று ஒற்றோடு வருகிறது.

வீட்டு லேப்டாப்பில் உபுண்டு, அங்கே ஆட்டோஹாட்கீ ஓடாது, அதனால் இதையே பைத்தான் என்ற நிரல் மொழியில் திரும்ப எழுதி, செட்டிங்ஸில் ஒரு ஷார்ட்கட்டோடு கட்டிவிட்டேன். அது தமிழைப் பார்த்து முகம் சுளிக்கவே இல்லை. பட்டியலைத் தனி டெக்ஸ்ட் பைலில் வைத்திருந்ததால் ஒரு வார்த்தைகூட மறுபடி அடிக்கவில்லை. முதலிலேயே இப்படிச் செய்திருந்தால் பதிப்பு மாறியபோது பாதி வேலை மிச்சமாகியிருக்கும்.

அண்ணனும் எஃப்9 பழகிவிட்டார். தொகையை மட்டும் பழைய பத்திரத் தாளின் பின்பக்கம் பேனாவால் ஒருமுறை எழுதிப் பார்த்துவிட்டுத்தான் அமுக்குகிறார்.