வால்கயிறு: ஆயக்குடிக் கவலைக் குறிப்புகள்

மாசி 3
பழனிமலை அடிவாரம், கொய்யாத் தோட்டத்துக் கிணறு. மாடு பூட்டித் தண்ணீர் இறைக்கும் கவலையைச் சீர்செய்கிறோம். கல்தூண்கள் அசையவில்லை. மேல் சக்கரத்தின் அச்சுதான் ஒருபக்கம் தேய்ந்து சாய்ந்திருந்தது. சாய்ந்த சக்கரத்தில் வடம் என்ற தடித்த கயிறு விளிம்போடு உரசிப் பிசிறடிக்கும், பிறகு அறுந்துபோகும். அச்சு மாற்றியாயிற்று. தண்ணீர் மொள்ளும் இரும்புச் சால், 6 குடம் கொள்ளும்; ஏறத்தாழ 90 லிட்டர். மலைமேல் இந்தப் பாடெல்லாம் இல்லை, ஓடையை மறித்து வாய்க்காலில் விட்டால் தானே பாயும்.

மாசி 5
தும்பி, அதாவது சாலின் அடியில் தண்ணீரை வெளியே விடும் தோல் குழாய், சுக்காகக் காய்ந்திருந்தது. ராத்திரி முழுக்க ஊறவைத்து, ஈரம் போகுமுன் விளக்கெண்ணெய் தேய்த்தோம். காய்ந்த தோலில் தேய்த்தால் எண்ணெய் உள்ளே இறங்காது, மடிப்பில் வெடிக்கும்.

மாசி 6
இன்று முழுக்க வால்கயிறு. வடம் சாலைத் தூக்குகிறது. வால்கயிறு கீழ் உருளை வழியாகத் தும்பியின் வாயைப் பிடித்திருக்கிறது. இரண்டும் நுகத்தில் வந்து சேரும். சால் ஏறும்போது தும்பி மடங்கி, அதன் வாய் சால் விளிம்புக்கு மேலே நிற்கவேண்டும். கயிறு நீளமானால் வாய் தொங்கிவிடும், பாதித் தண்ணீர் கிணற்றுக்கே போகும். குட்டையானால் சால் மேலே வருமுன்னே வாய் உருளையைத் தாண்டிவிடும், தொட்டியில் ஒன்றும் விழாது. காலையில் கயிறு நாலு விரற்கடை கூடுதல் நீளம். அவ்வளவுக்கே தோட்டத்துக்குப் போனதைவிடக் கிணற்றில் கொட்டியதுதான் அதிகம். முடிச்சை மூன்று தடவை மாற்றிக் கட்டினோம்.

மாசி 7
மாடு பூட்டியாயிற்று. மாடு இறங்கி ஏறும் சரிவுப் பாதையான வாரி 26 அடி, 10 அடிக்கு ஒன்றரை அடி இறக்கம். மாடு இறங்க இறங்க வடம் மேல்நோக்கி இழுக்கும். நுகம் எழும்பிப் பூட்டாங்கயிறு தொண்டையை நெரிக்கும். ஓட்டுகிறவர் வடத்தில் உட்காருவது சொகுசுக்கல்ல, அந்த எடையில்தான் நுகம் கழுத்தில் அமர்கிறது. இறங்குவதை மாடு உடனே பழகிக்கொள்ளும். பின்னோக்கியே நடந்து மேடேறுவதுதான் பாடு. அவசரப்படுத்தினால் குறுக்கே திரும்பி இரண்டு கயிற்றையும் முறுக்கிவிடும்.

மாசி 19
தண்ணீர் 3 அடி இறங்கிவிட்டது. வடத்தை மட்டும் நீட்டினால் வால்கயிறு குட்டையானதாக ஆகிவிடும். இரண்டையும் ஒரே அளவு, 3 அடி நீட்டினோம். வாரியையும் கீழ்முனையில் 3 அடி வெட்டவேண்டும், இல்லாவிட்டால் மாடு எல்லைக்கு வந்தும் சால் சக்கரத்துக்கு வராது. பாறை தட்டுகிறது. கடப்பாரை போதாது, உளி வேண்டும்.