மரமே இல்லாத பூமி: நாவல் இதுவரை

அழிந்துகொண்டிருக்கும் பூமியில் நடக்கும் அறிவியல் புனைகதை நாவல் ஒன்றை எழுதி வருகிறேன். முதல் பாகம் ஒரு வழியாக முடிந்துவிட்டது. அடுத்ததில் கை வைப்பதற்கு முன் இதுவரை முடிவு செய்தவற்றை எழுதி வைக்கிறேன். இதே மாதிரி கதையை யோசிப்பவர்களுக்கும் உதவும்.

அழியும் பூமி என்றதுமே மங்கிச் சிவந்த சூரியனும் உறைந்த கடலும்தான் மனதில் வரும். அது 19ஆம் நூற்றாண்டின் கற்பனை. சூரியன் சுருங்குவதால்தான் வெப்பம் தருகிறது, சில கோடி ஆண்டுகளில் ஆறிவிடும் என்று இயற்பியலாளர் கெல்வின் கணக்குப் போட்ட காலம் அது. 1920ல் வானியலாளர் எடிங்டன், ஹைட்ரஜன் ஹீலியமாக மாறுவதில்தான் சூரியனின் ஆற்றல் இருக்க வேண்டும் என்றார். 1939ல் இயற்பியலாளர் ஹான்ஸ் பெத்தே அந்த வினைகளை விளக்கினார். அதற்குப் பிறகு கதையே தலைகீழ். சூரியன் மங்கவில்லை, 100 கோடி ஆண்டுக்கு ஏறக்குறைய 10 சதவீதம் என்ற கணக்கில் பிரகாசமாகிக்கொண்டே போகிறது. பூமி குளிரில் சாகப்போவதில்லை, வெளிச்சத்தில் சாகப்போகிறது. நாவலின் அடித்தளமே இதுதான்.

சாவு வரும் வழிதான் என்னை உலுக்கியது. மழைநீர் காற்றிலுள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு லேசான அமிலமாகிப் பாறையை அரிக்கிறது. அந்தக் கரி கடலுக்குப் போய்ச் சுண்ணாம்புக் கல்லாகப் படிகிறது. வெப்பம் கூடக்கூட இந்த அரிப்பும் வேகமெடுக்கும், காற்றில் கரியமில வாயு குறைந்துகொண்டே வரும். கடல் கொதிப்பதற்கு வெகு காலம் முன்பே செடிகள் பட்டினியில் விழுந்துவிடும். கரியமில வாயுவைப் பிடித்துக்கொள்ளும் முறையை வைத்துச் செடிகளை சி3, சி4 என்றெல்லாம் பிரிப்பார்கள். மரங்கள் ஏறக்குறைய எல்லாமே சி3 வகை. காற்றில் கரியமில வாயு பத்து லட்சத்தில் சுமார் 150 பங்குக்குக் கீழே போனால் அவை தாங்காது. சோளம், கரும்பு போன்ற சி4 புல் வகைகள் 10 பங்கு வரைகூடச் சமாளிக்கும். 1982ல் லவ்லாக், விட்ஃபீல்டு என்ற இரு விஞ்ஞானிகள் உயிர்க்கோளத்துக்கு இன்னும் 10 கோடி ஆண்டுதான் என்று கணித்தார்கள். 1992ல் கால்டீரா, காஸ்டிங் என்ற வேறு இருவர் சி4 செடிகளையும் கணக்கில் சேர்த்து அதை 90 கோடிக்கும் மேலே தள்ளினார்கள். இரண்டுக்கும் நடுவில் 60 கோடி ஆண்டு என்று நான் வைத்துக்கொண்டேன். மரம் போய்விட்டது, புல் மட்டும் மிச்சம். எனக்கு வேண்டியது அந்த இடைவெளிதான்.

மனிதன் அத்தனை காலம் இங்கேயே இருந்தான் என்றால் யாரும் நம்ப மாட்டார்கள். நம் இனத்துக்கே மூன்று லட்சம் வயதுதான். அதனால் என் மனிதர்கள் வெளியே போனவர்களின் வாரிசுகள். பூமியின் கடைசிக் காலத்தில் கூட இருக்க வேண்டும் என்று திரும்பி வந்தவர்கள். ஏன் வந்தார்கள் என்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் தேவையில்லை என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

அப்புறம் பொருட்கள். மரம் இல்லை என்று எழுதுவது சுலபம், அந்த உலகத்தில் ஒரு வீட்டைக் கட்டிப் பார்த்தால்தான் கஷ்டம் தெரியும். கதவு எதில்? ஏணி எதில்? மூங்கிலும் கிடையாது, அது புல்தான் என்றாலும் சி3. கதவுக்குப் புல்லைத் திரித்துப் பின்னிய பாய் தொங்குகிறது. கூரைக்கு வழி, எகிப்தின் தெற்கிலும் சூடானின் வடக்கிலும் உள்ள நூபியாவில் கிடைத்தது. மரச் சாரம் இல்லாமல், மண்கல்லைச் சுவரில் சாய்த்துச் சாய்த்து ஒட்டி வளைகூரை எழுப்பும் பழைய முறை அங்கே உண்டு. மூன்றாம் அத்தியாயம் முழுக்க அப்படி ஒரு கூரை எழும்புவதுதான். ஈர மண்ணில் விரல் தடம் பதிய, ஒவ்வொரு கல்லும் முந்தைய கல்லைப் பிடித்துக்கொள்ளும் இடத்தில் நிதானமாக நின்று எழுதினேன். முதல் பாகத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி அதுதான்.

வானத்தை அளவோடுதான் வைத்தேன். நிலா ஆண்டுக்கு 3.8 செ.மீ. விலகிப் போகிறது. 60 கோடி ஆண்டு வாக்கில் அது சூரியனை முழுசாக மறைக்கும் அளவுக்குப் பெரிதாகத் தெரியாது, முழு சூரிய கிரகணம் என்பதே முடிந்துவிடும். வர்ணனையாக எழுதாமல், கதையில் வரும் ஒரு சிறுமியும் அவள் பாட்டியும் பேசும் பேச்சுக்குள் வைத்தேன்:

“முழுசா மறையுமா பாட்டி?”

“மறைஞ்சிருக்கு. பகல்லயே நட்சத்திரம் தெரிஞ்சிருக்கு.”

“நீங்க பார்த்தீங்களா?”

“நான் எங்கடி பார்த்தேன்? தகட்டுல எழுதியிருக்கு.”

காகிதம் இல்லாததால்தான் தகடு. அதைத் தனியாக விளக்கவில்லை, வாசகர் தானே பிடித்துக்கொள்வார்.

எழுதும்போது கடைப்பிடித்த ஒரு விதி பெரிதும் உதவியது. அந்தச் சிறுமிக்குப் பூமி அழிவதாகத் தோன்றவே கூடாது. அவள் பிறந்ததிலிருந்து பார்த்த பூமி அதுதான், நண்பகலில் வெளியே போகக் கூடாது என்பது அவளுக்குச் சாதாரண விஷயம். இழப்பு தெரிந்தவள் பாட்டி மட்டும்தான், அவளுக்கும் தகட்டில் படித்துத்தான் தெரியும். சோக வர்ணனைகளை இந்த விதிப்படி வெட்டிய பிறகு பக்கங்கள் நன்றாக மூச்சுவிட்டன.

இரண்டாம் பாகத்துக்கு வரைபடம் வேண்டும். 25 கோடி ஆண்டு வாக்கில் கண்டங்கள் ஒன்றுசேரும் என்கிறார்கள், 60 கோடிக்குள் அது மறுபடி உடைந்திருக்கலாம். அதனால் கரையோரத்தை என் இஷ்டத்துக்கு வரையலாம். கரையிலிருந்து உள்நாட்டுக்கு என் மனிதர்கள் நடக்கும் வழியில் தண்ணீர் எங்கெங்கே கிடைக்கும் என்று முதலில் குறிக்க வேண்டும், அத்தியாயங்களை அதற்கேற்பப் பிரிக்கப் போகிறேன்.