சிறுபோகக் கூட்டத்தில் கோரிக்கையை நிலைநிறுத்துவது எப்படி

கிழக்கிலங்கையின் உன்னிச்சைக் குளத்து நீரென்றாலும் நவகிரிக் குளத்து நீரென்றாலும், சிறுபோகத்துக்கு (மழை குறைந்த காலத்தில் குளத்து நீரை நம்பிச் செய்யும் நெற்செய்கைக்கு) நீர் விடுவதைத் தீர்மானிக்கும் ஆரம்பக் கூட்டங்களில், வாய்க்காலின் முடிவில் இருக்கும் கடைசி வயல்காரரின் பேச்சு பெரும்பாலும் ஒரே மாதிரித்தான் தொடங்கும்: "எப்பவும் எங்களுக்குத்தான் அநியாயம்." அது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் என்ன செய்ய வேண்டும், ஏன் செய்ய வேண்டும் என்ற இரண்டுமே அதில் இல்லை. மேசையில் இருக்கும் உத்தியோகத்தர் எதை எழுதிக்கொள்வார்?

முதல் வசனத்திலேயே கோரிக்கையைச் சொல்லுங்கள்: "முதல் தண்ணீரைக் கடைசி வயல்களுக்கு முதலில் விட வேண்டும்." அடுத்தது ஆதாரம். போன போகத்தில் எந்தத் திகதியில் நீர் திறந்தது, எந்தத் திகதியில் உங்கள் வயலுக்கு வந்தது என்று நீர்ப் பங்கீட்டைக் கவனிக்கும் வட்டவிதானையின் குறிப்போடு சொல்ல வேண்டும்.

பலர் இதோடு நிறுத்திவிடுகிறார்கள், வாதம் விழுவதும் இங்கேதான். தண்ணீர் பிந்தினால் என்ன? விதைப்பும் பிந்தும், ஆனால் நீர் எல்லோருக்கும் ஒரே நாளில் நிற்கும். அந்த நேரம் உங்கள் கதிர் பால் பிடித்துக்கொண்டிருக்கும், நெல் பதராகும். ஆதாரத்தையும் கோரிக்கையையும் கட்டும் கயிறு இதுதான். விவசாயிகள் மட்டும் இருக்கும் இடத்தில் இதைச் சொல்லாமலே விடலாம்; கேட்பவர் தானே நிரப்பிக்கொள்ளும் காரணத்துக்குப் பலம் அதிகம் என்பதை அரிஸ்டாட்டில் நன்றாக அறிந்திருந்தார். புதிதாக மாற்றலாகி வந்த உத்தியோகத்தருக்கு ஒரு படியையும் விடாதீர்கள்.

மணிமேகலையில் பௌத்தத் துறவி அறவண அடிகள் காட்டும் தருக்க முறையில் ஏதுவோடு (காரணத்தோடு) திட்டாந்தமும் (எடுத்துக்காட்டும்) வரும்: மலையில் புகை, ஆகவே நெருப்பு, அடுக்களையில் கண்டதுபோல. இங்கே உங்கள் அடுக்களை, போன போகத்தில் பதராகிப்போன குறிப்பிட்ட ஒரு வயல். அதைக் காட்டுங்கள்.

பேசுபவர் மீதான நம்பிக்கை, அவருக்கு ஏற்கெனவே ஊரில் உள்ள நற்பெயரால் வருவதைவிடப் பேச்சிலேயே பிறக்க வேண்டும் என்பதும் அரிஸ்டாட்டில் சொன்னதுதான். விஷய அறிவு, நேர்மை, கேட்பவர் மீதான நல்லெண்ணம் மூன்றும் அதற்கு வேண்டும். மேல்வயல்காரரின் விதைப்பு சில நாள் பிந்தும் என்பதை அவர்கள் சொல்லுமுன் நீங்களே ஒத்துக்கொள்ளுங்கள். "மூன்றரை மாத நெல்லை விட்டு மூன்று மாத நெல் விதைக்கிறோம், 15 நாள் தண்ணீர் மிச்சம்" என்று உங்கள் பக்கத்திலிருந்தும் ஏதாவது கொடுங்கள். என் பார்வையில் மற்ற எல்லாவற்றையும்விட இதற்குத்தான் கூட்டம் அசையும்.

அடகு வைத்த நகை போன்ற சொந்தக் கஷ்டத்தைப் பற்றிக் காரணத்துக்குப் பிறகு, இரண்டு வசனத்தில் சொன்னால் போதும். முதலில் சொன்னால் இரக்கம் மட்டும் கிடைக்கும். உத்தியோகத்தர் மீது கோபத்தைக் கொட்டினால், முடிவு எடுக்க வேண்டியவர் தன்னைக் காக்கத் தொடங்குவார்.

"நீண்ட வாய்க்காலில் நீர் வீணாகுமே" என்று கேட்பார்கள். நீர் திறக்குமுன் சிரமதானத்தில் (ஊரார் கூடிச் செய்யும் கூலியில்லா வேலையில்) வாய்க்காலைத் துப்புரவாக்கும் திகதியோடு பதில் தயாராக இருக்கட்டும். கோரிக்கையை ஒரு தாளில் எழுதிக் கையளித்து, கூட்ட அறிக்கையில் பதியச் சொல்லுங்கள்.