வாயோர வளைவு: ஒரு 103 மறுப்பின் நாட்குறிப்பு

மார்ச் 3, 2025, திங்கள்

நான் கையாளும் வேவ்கைடு (ஒலிபெருக்கியின் ஒலியைத் திசைப்படுத்தும் ஹார்ன் போன்ற குழல்) காப்புரிமை விண்ணப்பத்துக்கு, காப்புரிமை அலுவலகம் அனுப்பும் கடிதமான முதல் ஆபீஸ் ஆக்‌ஷன் வந்துவிட்டது. எல்லாக் கிளெய்ம்களும் (எதற்கு உரிமை கேட்கிறோம் என்று சொல்லும் வாசகங்கள்) மறுப்பு. புதுமை இல்லை என்று ஒரு கிளெய்மைக்கூடச் சொல்லவில்லை. அத்தனையும் அமெரிக்கக் காப்புரிமைச் சட்டத்தின் 103-ஆம் பிரிவில்தான்: துறை தெரிந்த சராசரி ஆளுக்கு எளிதில் எட்டக்கூடியது என்று. பதிலுக்கு மூன்று மாதம். கட்டணம் கட்டினால் ஆறு மாதம் வரை நீட்டலாம். நீட்டும் எண்ணம் இல்லை.

இந்தக் குறிப்புகளைக் கோப்பு முடிந்த பிறகு, வடிவமைத்தவரின் சம்மதத்தோடுதான் வெளியிடுவேன். அளவுகளை விட்டுவிடுகிறேன். தர்க்கம் மட்டும் போதும்.

மார்ச் 4, செவ்வாய்

கண்டுபிடிப்பு இதுதான். வட்டத் தொண்டை (ஒலி நுழையும் முனை), செவ்வக வாய் (ஒலி வெளியேறும் முனை). உயரத்தைவிட அகலம் அதிகம். ஹார்னின் வாய் முடியும் இடத்தில் சுவர் சட்டென்று நின்றால் அலை அங்கே விளிம்பு விளைவுக்கு உள்ளாகி (விளிம்பில் வளைந்து சிதறி), இரண்டாவது ஒலிமூலம்போல நடந்துகொள்ளும். நேர் அச்சில் நின்று கேட்டால் அந்தத் தாமத ஒலி நேரடி ஒலியோடு மோதி, சில அதிர்வெண்களில் குழி விழும். வட்ட வாயில் இது மிக மோசம்: விளிம்பின் எல்லாப் புள்ளியும் அச்சிலிருந்து ஒரே தூரம் என்பதால் எல்லாம் ஒரே நேரத்தில் வந்து சேரும். அதனால்தான் வாயோரத்தை வளைத்து உருட்டுகிறார்கள்.

வடிவமைத்தவர் செய்தது, அந்த உருட்டலின் ஆரத்தைச் சுற்றிலும் ஒரே அளவாக வைக்காமல் மாற்றியது. அச்சுக்கு அருகில் இருக்கும் நீண்ட விளிம்புகளின் நடுவில் ஆரம் பெரியது. மூலையை நோக்கிப் போகப்போகத் தொடர்ச்சியாகக் குறைகிறது. குறுகிய பக்கங்களிலும் வளைவு உண்டு, சிறியதாக.

எக்ஸாமினர் (காப்புரிமை அலுவலகப் பரிசோதகர்) எடுத்து வைத்தவை முன்பே வெளியான மூன்று ஆவணங்கள். முதலாவது, வட்ட வாயுள்ள வேவ்கைடு. சுற்றிலும் ஒரே ஆரம். இரண்டாவது, உயரம் குறைந்த பெட்டிக்கான செவ்வக ஹார்ன். இடத்துக்கேற்ப ஆரம் மாறுகிறது. மூன்றாவதைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அது ஒலிபெருக்கியே அல்ல, மைக்ரோவேவ் ஹார்ன் ஆன்டெனா. அதன் மேல், கீழ் விளிம்புகள் உருட்டப்பட்டிருக்கின்றன.

நல்ல தேடல் இது. அந்த மூன்றாவதை நான் தேடியிருந்தால் என் கண்ணில் பட்டிருக்காது.

மார்ச் 7, வெள்ளி

வடிவமைத்தவர் அழைத்தார். "என் வடிவம் எதிலும் இல்லையே, அப்புறம் எப்படி மறுக்கலாம்?" எல்லோரும் முதலில் கேட்பது இதைத்தான்.

இந்தத் துறைக்கு நூறு வயது தாண்டிவிட்டது. வெப்ஸ்டரின் ஹார்ன் சமன்பாடு வெளியானது 1919-ல். 1920-களிலேயே வோய்ட் டிராக்ட்ரிக்ஸ் வளைவைக் கொண்டுவந்துவிட்டார். எக்ஸ்பொனென்ஷியல், கூம்பு, இரண்டும் கலந்தது என்று காகிதத்தில் வரையக்கூடிய வளைவு ஏறக்குறைய எல்லாமே எங்கோ ஒரு காப்புரிமையில் கிடக்கிறது. வெப்ஸ்டரின் சமன்பாடு குறுக்குவெட்டுப் பரப்பை மட்டும்தான் பார்க்கும். ஒலி எந்தத் திசையில் எவ்வளவு போகும் என்று அதனிடம் கேட்க முடியாது. 1989-ல் கெட்டிஸ் கேள்வியையே மாற்றினார்: சுவரின் வடிவத்துக்குள் அலைமுகப்பு இயல்பாகப் பொருந்துவது எந்த ஆய முறையில்? ஓப்லேட் ஸ்பீராய்டு (தட்டையாக்கிய கோளம்) வேவ்கைடு அங்கிருந்து வந்தது. வளைவு புதிதா என்று கேட்டிருந்தால் அந்த வேலை நடந்திருக்காது.

ஆகவே "இந்த வடிவம் எதிலும் இல்லை" என்பது புதுமையைக் கேட்கும் 102-ஆம் பிரிவுக்குப் பதில். 103 கேட்பது வேறு: இருப்பதை எடுத்துக்கொண்டு, ஒரு காரணத்தோடு, என்ன வரும் என்று தெரிந்தே ஒருவர் இங்கே வந்து சேர்ந்திருப்பாரா? அவரிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "காரணம் என்னிடம் இருக்கிறது" என்றார்.

மார்ச் 14, வெள்ளி

103-ஐ எப்படிச் சோதிப்பது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்ன 1966-ன் கிரஹாம் தீர்ப்பைத் திரும்பப் படித்தேன். முன்பு இருந்தது என்ன, அதற்கும் கிளெய்முக்கும் வேறுபாடு என்ன, துறையாளின் திறமை எந்த அளவு. இவற்றோடு வணிக வெற்றி, நீண்டநாள் தீராத தேவை, பிறரின் தோல்வி போன்ற வெளிச்சான்றுகள். அடுத்து அதே நீதிமன்றத்தின் 2007-ன் கே.எஸ்.ஆர். தீர்ப்பு. காரின் பெடல் பற்றிய வழக்கு. ஆவணங்களைச் சேர்க்கச் சொல்லும் வாசகம் ஆவணத்திலேயே இருந்தாக வேண்டும் என்ற பிடிவாதம் அதோடு போனது. சராசரி ஆளுக்கும் சராசரிப் படைப்புத்திறன் உண்டு, அவர் இயந்திரம் அல்ல என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது.

சரியான தீர்ப்புதான் என்று நினைக்கிறேன். ஒலிப் பொறியாளர்கள் சும்மா ஆவணம் படித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்கள் அல்ல. தாங்களாகவே கலந்து பார்ப்பார்கள். ஆனால் சேர்ப்பதற்கு ஒரு காரணத்தை எக்ஸாமினர் எடுத்துச் சொல்ல வேண்டும் என்பது அப்படியேதான் இருக்கிறது. நம் பிடி அங்கே.

மார்ச் 26, புதன்

இரண்டாம் ஆவணம். அதில் ஆரம் மாறுவது பெட்டிக்குள் அடங்குவதற்காக. ஒலியைப் பற்றி ஒரு வரி இல்லை. "அவர்களுடைய காரணம் வேறு, நம்முடைய காரணம் வேறு" என்று எழுதிவிடலாம்போல் இருக்கும். எழுதக்கூடாது. சேர்ப்பதற்கான காரணம் கண்டுபிடித்தவரின் காரணமாகவே இருக்க வேண்டும் என்று சட்டம் கேட்பதில்லை. பெட்டிக்காகச் செய்தாலும் கிளெய்மில் உள்ள பொருள் வந்து சேர்ந்துவிட்டால் கதை முடிந்தது.

அப்படியானால் பெட்டிக்காகச் செய்தால் என்ன வரும்? அதைத்தான் பார்க்க வேண்டும். உயரம் குறைந்த பெட்டி. மேலும் கீழும் இடம் இல்லை. அதனால் நீண்ட விளிம்புகளில் ஆரம் சிறியது, பக்கங்களில் பெரியது. நம்முடையதற்கு நேர் எதிர்! முதல் ஆவணத்தோடு இரண்டாவதை எப்படிச் சேர்த்தாலும் பெரிய ஆரம் தப்பான பக்கத்தில்தான் போய் உட்காரும்.

ஆனால் நம் கிளெய்ம் 1 சொல்வது "வாயோரத்தின் ஆரம் சுற்றிலும் மாறுகிறது" என்று மட்டும். அதற்குள் இரண்டாம் ஆவணமும் அடங்கிவிடும். அந்த அகலத்தில் கிளெய்ம் 1 மறுக்கப்பட்டது நியாயம். எந்தப் பக்கம் பெரிது என்பதைக் கிளெய்மிலேயே சொல்லியாக வேண்டும்.

மார்ச் 27, வியாழன்

ஸ்பெசிஃபிகேஷனை, அதாவது விண்ணப்பத்தின் விளக்கப் பகுதியை, வரிவரியாகப் பார்த்தேன். தாக்கல் செய்த நாளில் இல்லாத எதையும் இப்போது சேர்க்க முடியாது. படங்களில் ஆரம் மாறுவது தெரிகிறது, ஆனால் படத்தை வைத்து ஏன் என்று வாதாட முடியாதே.

கிடைத்துவிட்டது. நீண்ட விளிம்புகள் அச்சுக்கு அருகில் இருக்கின்றன, நீளமாகவும் இருக்கின்றன, ஆகவே அச்சில் சேரும் விளிம்பொலியில் பெரும்பங்கு அவற்றிலிருந்து வருகிறது, அதனால் அங்கே ஆரம் பெரிது. மூலையில் தூரம் சிதறுவதால் தேவை குறைகிறது. வடிவமைத்தவர் எழுதிய ஒரே ஒரு பத்தி. வழக்கமாக வரைவு எழுதுபவர் இதை "தேவையில்லாத விளக்கம்" என்று வெட்டியிருப்பார். இந்த விண்ணப்பம் நிற்பதே அந்தப் பத்தியின் மேல்தான்.

ஏப்ரல் 9, புதன்

ஆன்டெனா. இதுதான் கடினம்.

"வேறு துறை, ஒலிக்குப் பொருந்தாது" என்று தள்ளிவிட முடியுமா? முடியாது என்று நினைக்கிறேன். ஒரே துறையாக இருக்க வேண்டியதில்லை. தீர்க்க வந்த சிக்கலோடு நியாயமான தொடர்பு இருந்தாலே அந்த ஆவணம் உள்ளே வரும். ஹார்னின் வாயோரத்தில் விளிம்பு விளைவு: சிக்கல் இரண்டிலும் ஒன்றே. தோற்கப்போகும் வாதத்தில் பக்கத்தை வீணாக்கினால் ஜெயிக்கக்கூடிய வாதமும் நம்பகம் இழக்கும்.

அதைவிடச் சங்கடம், அந்த ஆன்டெனாவில் உருட்டியிருப்பது நீண்ட விளிம்புகளை. நம் திசையிலேயே போகிறது.

ஏன் அந்த இரண்டை மட்டும்? மாலை முழுக்க இதில்தான் இருந்தேன். செவ்வக அலைவழியில் வழக்கமான முதல் பாங்கில் (அலை பரவும் முறையில்) மின்புலம் செங்குத்தாக நிற்கிறது. பக்கச் சுவர்கள் உலோகம். அவற்றுக்கு இணையான மின்புலம் அங்கே பூஜ்யமாகியே தீரும். ஆகவே பக்க விளிம்புகளில் சிதற அதிகம் எதுவும் இல்லை. மேல், கீழ் விளிம்புகளில் புலம் பலமாக இருக்கும். உருட்ட வேண்டியது அவற்றைத்தான். ஆன்டெனாக்காரர் பக்கங்களைக் கூராக விட்டது சரியான பொறியியல்.

ஒலிக்கு அந்தத் தளவிளைவு (அலையின் அதிர்வு ஒரே தளத்தில் நிற்பது) கிடையாது. காற்றில் அழுத்தம் திசையற்ற அளவு. கெட்டியான சுவரில் பூஜ்யமாவது சுவருக்குச் செங்குத்தான துகள் வேகம், அழுத்தம் அல்ல. நான்கு விளிம்பிலும் அழுத்தம் இருக்கிறது, நான்கும் சிதறும். ஆன்டெனாவின் வடிவத்தை ஒலிக்குக் கொண்டுவரலாம், ஆனால் அந்த வடிவத்தின் காரணம் கூட வராது. காரணம் வராத இடத்தில் விளைவை முன்கூட்டிச் சொல்ல எது இருக்கிறது?

ஏப்ரல் 11, வெள்ளி

வடிவமைத்தவரிடம் ஆன்டெனா மாதிரியையும் அச்சிட்டு அளக்கச் சொன்னேன். அதே தொண்டை, அதே டிரைவர், அதே வாய் அளவு. மேலும் கீழும் உருட்டல், பக்கம் கூர். எதிர்பாராத விளைவு என்று சொல்ல வேண்டுமானால் மிக நெருங்கிய முன் ஆவணத்தோடு ஒப்பிட வேண்டும். நமக்கு வசதியான பலவீனமான மாதிரியோடு ஒப்பிட்டு வரும் உறுதிமொழிகளை (அளவீடுகளோடு தாக்கல் செய்யும் வாக்குமூலங்களை) எக்ஸாமினர்கள் தினமும் பார்க்கிறார்கள்.

ஆர விகிதம் பற்றிய சார்பு கிளெய்முக்கும் (வேறொரு கிளெய்மைச் சார்ந்து அதை மேலும் குறுக்குவது) அளவீடு வேண்டும். "உகந்த அளவைத் தேடுவது வழக்கமான வேலை" என்று மறுத்திருக்கிறார்கள். 1955-லிருந்து இருக்கும் விதி அது. ஆனால் அந்த அளவு விளைவை மாற்றும் என்று யாராவது முன்பே அறிந்திருந்தால்தான் அதைத் தேடுவது வழக்கமான வேலை. முதல் ஆவணத்தில் ஆரம் ஒரே எண். விகிதம் என்ற பேச்சே இல்லை. வீச்சுக்குள்ளே சில மாதிரிகள், இரண்டு பக்கமும் வெளியே சில மாதிரிகள் கேட்டேன். ஒரே ஒரு மாதிரியின் வரைபடம் ஒரு முழு வீச்சைத் தாங்காது.

ஏப்ரல் 24, வியாழன்

அளவீடுகள் வந்தன. ஆன்டெனா மாதிரியில் அச்சுக் குழி குறைந்திருக்கிறது. மறைக்காமல் அப்படியே போட வேண்டும். ஆனால் கிடைத்தளத்தில் அச்சை விட்டு விலகும்போது அலைவு (ஒலியளவு ஏறி இறங்குவது) மோசமாகிறது. கூரான பக்க விளிம்புகளின் வேலை. நம்முடையதில் இரண்டு தளமும் அமைதி. 10 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் மாதிரிகளுக்குள் பெரிய வித்தியாசம் இல்லை. அங்கே அலைநீளம் 3.4 செ.மீ.; ஒலி வாயோரத்தை எட்டுவதே குறைவு. அதையும் உறுதிமொழியில் எழுதச் சொன்னேன்.

மே 2, வெள்ளி

ஒரு தர்மசங்கடம். புதிய கிளெய்ம் வாயோர வளைவைப் பற்றி இன்னும் நேரடியாகப் பேசுகிறது. 1975-ல் டான் கீல், ஹார்னின் வாயருகே கூடுதலாக விரித்தால் நடு அதிர்வெண்ணில் கற்றை குறுகுவது தீரும் என்று காட்டிய கட்டுரை இப்போது பொருத்தமாகிறது. எக்ஸாமினர் அதை எடுக்கவில்லை.

"அவர் கையில் இல்லாததை நாமே ஏன் கொடுக்க வேண்டும்?" என்று கேட்டார் வடிவமைத்தவர். கொடுக்க வேண்டும், அது கடமை. தெரிந்த பொருத்தமான ஆவணத்தை மறைத்தால் பின்னால் காப்புரிமை முழுவதையுமே அமலாக்க முடியாமல் போகலாம். எனக்குக் கடமைக்கு மேலும் ஒரு காரணம் உண்டு: அந்தக் கட்டுரையைத் தாண்டி நிற்காத கிளெய்ம் எனக்கு வேண்டாம். எங்களுக்கு நெடுநாளாகத் தெரிந்த கட்டுரை என்பதால் "மூன்று மாதத்துக்குள்தான் தெரிந்தது" என்ற உறுதி தர முடியாது. அந்த உறுதிக்குப் பதிலாகக் கட்டணம் கட்டித் தாக்கல் செய்தேன்.

மே 12, திங்கள்

எக்ஸாமினரோடு நேர்காணல். ஆன்டெனா ஆவணத்தை அவர் ஆழமாகப் படித்திருந்தார். மின்புலம் பக்கச் சுவரில் பூஜ்யமாவதைச் சொன்னதும் அவரே முடித்தார்: "அப்படியானால் பக்க விளிம்பை வளைக்க அந்த ஆவணத்தில் காரணமே இல்லை." ஆனால் உடனே திருப்பினார்: முதல் ஆவணத்தில் பக்கங்கள் ஏற்கெனவே வளைந்திருக்கின்றனவே, நீண்ட விளிம்பை மட்டும் பெரிதாக்கச் சொல்ல ஆன்டெனா போதாதா?

கூர்மையான கேள்வி. பதில் அளவீட்டில் இல்லை, கிளெய்மில்தான் இருக்க வேண்டும் என்று அங்கேயே புரிந்தது. மூலையை நோக்கித் தொடர்ச்சியாகக் குறைவது எந்த ஆவணத்திலும் இல்லை, அதற்கான காரணமும் இல்லை. அதைக் கிளெய்ம் 1-க்குள் கொண்டுவர ஒப்புக்கொண்டேன்.

மே 29, வியாழன்

பதிலைத் தாக்கல் செய்தாயிற்று. கடைசி நாள் முழுவதும் ஒரே சொற்றொடரில் போனது: "வளைவு ஆரம்" எந்தத் தளத்தில் அளப்பது? அச்சைக் கொண்ட தளத்தில் என்று எழுதினோம். 2001-ல் ஒலிபெருக்கி நிறுவனங்களான போஸ், ஜே.பி.எல். இடையிலான வழக்கில் நீள்வட்டத்தின் பெரிய விட்டம் என்ற சொல் தெளிவானதா என்றே மேல்முறையீடு வரை போனார்கள். நீள்வட்டத்துக்குப் பெரிய விட்டம் இயல்பாகவே உண்டு என்று நீதிமன்றம் சொன்னது. நம் வளைவுக்கு அப்படி இயல்பான தளம் எதுவும் கிடையாது.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

அனுமதி அறிவிப்பு. காரணமாக எக்ஸாமினர் எழுதியிருப்பது மூலையை நோக்கிய தொடர் குறைவையும், நான்கு பக்கமும் வளைந்திருப்பதையும். விகிதக் கிளெய்மும் கூடவே தப்பித்தது.

வடிவமைத்தவருக்கு அடுத்த ஆசை வந்துவிட்டது: நீள்வட்ட வாய்க்கும் இதே யோசனை. தொடர் விண்ணப்பத்தில் (அதே விளக்கத்தோடு போடும் அடுத்த விண்ணப்பம்) அதைப் போட முடியாது. தாக்கல் செய்ததில் செவ்வகம் மட்டுமே இருக்கிறது. புதிய விண்ணப்பம் என்றால், வெளியாகி ஒரு வருடம் தாண்டிவிட்ட அவருடைய இந்த விண்ணப்பமே முதல் எதிர் ஆவணமாக வந்து நிற்கும், காரணம் எழுதிய அந்தப் பத்தியோடு. செவ்வகத்துக்குச் சொன்ன காரணம் நீள்வட்டத்துக்கும் அப்படியே பொருந்தினால் எக்ஸாமினருக்கு வேறு ஆவணமே தேவைப்படாது. முதலில் அச்சிட்டு அளக்கிறேன் என்றார். எதிர்பார்த்தபடியே வந்தால் தாக்கல் செய்ய வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.